கல்லாவில் கிடைத்த நாலு காசு: எது மின்ட் (நாணயச்சாலை) தப்பு, எது அடிபட்டது?

கல்லாப்பெட்டி (திண்டுக்கல்)

எல்லோருக்கும் வணக்கம். எங்களுக்குத் திண்டுக்கல்லில் பலசரக்குக் கடை. ராத்திரி கல்லா எண்ணுவது என் பொறுப்பு. கொஞ்சம் வித்தியாசமாகத் தெரிகிற காசை அப்பாவுக்குத் தெரியாமல் ஒரு பாட்டிலில் போட்டு வைப்பேன். இப்போது நாலு காசு கையில் இருக்கிறது. படம் இணைத்திருக்கிறேன், தெளிவாக இல்லாததால் எழுதியும் விடுகிறேன்.

முதல் காசு, அண்ணா நூற்றாண்டு 5 ரூபாய். அண்ணா படத்துக்குக் கீழே தமிழில் கையெழுத்து இருக்குமே, அதில் ஒவ்வொரு கோட்டுக்கும் வலப்பக்கம் இன்னொரு கோடு தெரிகிறது. பக்கத்தில் உள்ள எண்களிலும் அப்படியே.

இரண்டாவது, 10 ரூபாய். நடுவில் இருக்கும் வெள்ளைத் தட்டு இல்லை, மஞ்சள் வளையம் மட்டும்தான். பால்காரர் கொடுத்த சில்லறையில் வந்தது.

மூன்றாவது, சின்ன 1 ரூபாய், ஸ்டீல். "1" இருக்கும் பக்கத்தில், அதன் மேலேயே இன்னொரு "1" பள்ளமாகவும் இடவலம் மாறியும் பதிந்திருக்கிறது.

நாலாவது, பழைய 50 பைசா. நாடாளுமன்றக் கட்டடமும் இந்தியா வரைபடமும் போட்டது. ஓரத்தில் பிறை மாதிரி ஒரு துண்டு இல்லை. இதை யாரோ வெட்டியிருக்கிறார்கள், தூக்கிப் போடு என்று அப்பா சொல்லிவிட்டார். கணக்குக்காகத்தான் சேர்த்துச் சொல்கிறேன்.

முதல் மூன்றுக்கும் நல்ல விலை கிடைக்கும் என்று தம்பி வீடியோ வீடியோவாகக் காட்டுகிறான். உண்மையா?

சேலம்_சில்லறை

சூப்பர் கலெக்ஷன் அக்கா! முதல் காசு டபுள் டை. அமெரிக்காவில் இதே மாதிரி ஒரு செப்புக் காசு பல லட்சத்துக்குப் போகிறது. ஓட்டைப் பத்து ரூபாயும் விட்டுடாதீங்க. மூணாவது பிராக்கேஜ், அது ரொம்ப ரேர். அம்பது பைசா டேமேஜ், அப்பா சொன்னது கரெக்ட்.

கணபதி_டைஷாப் (கோவை)

வணக்கம் அம்மிணி. நானுங்க கோயமுத்தூர் கணபதியில பிரஸ் டூல் பண்ணுற பட்டறையில காலம் பூரா வேலை பார்த்து ஓய்வானவன். மோட்டார் ஸ்டாம்பிங், வாஷர், பம்ப் பாகம், இதுகளுக்கு டை, அதாவது அடிக்கிற அச்சு, போட்டிருக்கேன். காசு சேர்க்கறது பின்னால வந்த பழக்கம். மின்ட்டுல நடக்கறதும் அதே பிரஸ் வேலைதான், டை மட்டும் ரொம்ப நேர்த்தியானது. அதனால எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன். சேலத்துத் தம்பி கோவிச்சுக்க வேண்டாம், நாலையும் நீங்க தலைகீழாச் சொல்லிட்டீங்க.

ஒரு காசு வெளியே வர்றதுக்கு முன்னால அதுமேல நடக்கிற வேலை கொஞ்சம்தாங்க. தகட்டுச் சுருள்ல இருந்து பிளாங்க்னு உருவம் இல்லாத வெறும் வட்டத் தட்டு வெட்டுவாங்க. அதோட ஓரத்தை உருட்டிக் கொஞ்சம் மேலே தூக்குவாங்க. அப்புறம் காலர்னு ஒரு வளையத்துக்குள்ள உட்கார வச்சு மேல ஒரு டை, கீழ ஒரு டை, ஒரே அடி. ஒரு காசு வித்தியாசமா இருந்தா நான் கேக்கறது ஒண்ணுதான்: இது இந்த மூணு இடத்துல எங்கே நடந்திருக்கும்? ஒரு இடமும் கிடைக்கலைன்னா அது கடைத்தெருவுல பட்ட அடி. அல்லது யாரோ வேணும்னே பண்ணினது.

மூணாவதை முதல்ல முடிச்சுடறேன், அது சுலபம். நிஜ பிராக்கேஜ்ல என்ன ஆகுதுன்னா, அடிச்ச காசு வெளியே விழாம ஒரு டையோட ஒட்டிக்கும். அடுத்த பிளாங்க் வந்து உட்காரும். இப்போ அந்தப் பக்கத்து டை பிளாங்க்கைத் தொடவே முடியாது, ஒட்டின காசு குறுக்கே நிக்குது. அதனால அந்தப் பக்கம் முழுக்கப் பள்ளமான, இடவலம் மாறின உருவம் மட்டும்தான் வரும். அதுவும் காசோட மறுபக்கத்துல மேடா எந்த உருவம் இருக்குதோ அதேதான் இங்கே பள்ளமா வரணும். உங்க ரூபாயில மேடான "1" அப்படியே இருக்குது, அதுமேலதான் பள்ளமான "1" ஏறியிருக்குது. மறுபக்கம் சிங்கம் இருக்கையில இங்கே சிங்கம்தான் பள்ளமா வரணும், "1" வர வழியே இல்லை. ரெண்டு ரூபாயை முகத்தோட முகம் வச்சு வைஸ்ல, அதாவது பட்டறைப் பிடிப்புக் கருவியில, இறுக்கியிருக்காங்க. சிங்கம் இருக்கிற பக்கத்தைச் சாய்வா வெளிச்சம் போட்டுப் பாருங்க, மேடான இடமெல்லாம் நசுங்கி வழவழன்னு இருக்கும். வைஸ் தாடையோட பல் வரி கூடத் தெரியலாம்.

பத்து ரூபாய் வளையம். முழுக் காசு 7.71 கிராம், அதுல வளையம் 4.45, நடுத்தட்டு 3.26. ரெண்டும் தனித்தனியா வெட்டி, ஒண்ணுக்குள்ள ஒண்ணு வச்சு, ஒரே அடியில உருவமும் விழுந்து ரெண்டும் பூட்டிக்கும். நடுத்தட்டு இல்லாமலே அடி விழுந்திருந்தா வளையத்து உலோகத்துக்கு உள்பக்கம் தடுப்பு கிடையாது. அது உள்ளே பிதுங்கி வரும். ஓட்டை சின்னதாகும், உள்விளிம்பு மழுங்கி ஒழுங்கில்லாம இருக்கும். உங்க படத்துல ஓட்டை அச்சு வட்டமா, விளிம்பு கூர்மையா இருக்குது. அடிச்ச பிறகு தட்டித் தள்ளினது. இது சந்தையில ஏகப்பட்டது கிடக்குது. சுத்தியலும் ஒரு குழாய்த் துண்டும் இருந்தா யார் வேணாலும் பண்ணலாம்.

இப்போ அண்ணா காசுக்கு வர்றேன். இதுலதான் நிறைய பேர் ஏமாறுறாங்க, அதனால கொஞ்சம் நீட்டிச் சொல்றேன்.

இரட்டை டைன்னா என்னன்னு முதல்ல. டையை யாரும் உளி வச்சுச் செதுக்கறது இல்லை. ஹப்னு ஒண்ணு இருக்கும், அதுல உருவம் மேடா இருக்கும். அதை மெத்தென்று பதப்படுத்தின எஃகு மேல அழுத்தினா டை கிடைக்கும். பழைய முறையில ஒரே அழுத்தத்துல ஆழம் கிடைக்காது. எடுத்து, சூடு காட்டி, திரும்ப அதே இடத்துல வச்சு அழுத்துவாங்க. ரெண்டாம் தடவை ஒரு மயிரளவு திரும்பி உட்கார்ந்தா டையிலேயே ரெண்டு உருவம் விழுந்துடும். அந்த டை ஆயுள் முடியற வரைக்கும் அடிக்கிற அத்தனை காசுலயும் அதே இரட்டை, அதே இடத்துல, அதே அளவுல வரும். சேலத்துத் தம்பி சொன்ன அமெரிக்கச் செப்புக் காசு 1955இல பிலடெல்பியாவில அடிச்ச 1 சென்ட். அதுல இருபதாயிரத்துக்கு மேல வெளியே போயிடுச்சு. சிகரெட் மெஷின்ல பாக்கெட்டோட சில்லறையாக் கொடுத்த சென்ட்கள்ல நிறைய பேருக்குக் கிடைச்சுதுன்னு சொல்லுவாங்க. அந்தக் காசுல எழுத்தும் வருஷமும் வெறும் கண்ணுக்கே ரெண்டாத் தெரியும். கண்ணாடி தேவையில்லை.

உங்க காசுல இருக்கறது வேற. டை நல்லாத்தான் இருக்குது. அடி விழுந்து முடிஞ்ச பிறகு, டை காசை விட்டு விலகற நேரத்துல, டை பிடிப்புல கொஞ்சம் ஆட்டம் இருந்தா டை ஒரு பக்கமா இழுபடும். ரப்பர் ஸ்டாம்ப் குத்திட்டுக் கையை எடுக்கறப்போ நழுவினா எழுத்து ஒரு பக்கம் இழுத்துக்குமே, அந்த மாதிரி. ஆனா மை மாதிரி இங்கே புதுசா எதுவும் சேராது. ஏற்கெனவே எழும்பி நிக்கிற எழுத்தோட ஓரத்தை டை வழிச்சுக் கீழே தள்ளிடும்.

இதை நீங்களே பார்க்கலாம். பத்து மடங்கு பெரிசாக் காட்டற லூப் ஒண்ணு வாங்குங்க, ரொம்ப விலை இல்லை. போன் டார்ச்சைப் பக்கவாட்டுல சாய்ச்சுப் பிடிங்க. கையெழுத்துல ஒரு கோட்டை மட்டும் பாருங்க. பக்கத்துல இருக்கிற "ரெண்டாவது கோடு" உருண்டையா மேலே நிக்குதா, இல்லை ஒரு படிக்கட்டு மாதிரி தட்டையா, காசோட சமதளத் தரையோட ஒட்டி, பளபளன்னு இருக்குதா? தட்டையாப் பளபளன்னு இருந்தா வழிச்ச இடம். அடுத்து, மூலக் கோட்டோட தடிமனைப் பாருங்க. வழிச்சதால அது ஒல்லியாகியிருக்கும். இரட்டை டையில நேர்மாறு, ரெண்டு உருவமும் சேர்ந்து எழுத்து தடிக்கும்.

இன்னொரு இடம் இருக்குது. எண்களோட மூலைகள். இரட்டை டையா இருந்தா ரெண்டு உருவத்துக்கும் தனித்தனி மூலை உண்டு. அதனால மூலையில சின்னதா ஒரு பிளவு, ஒரு வெட்டு மாதிரி தெரியும். ஆட்டத்துல வந்த இரட்டையில மூலை அப்படியே ஒத்தையாத்தான் இருக்கும். கையெழுத்துல மூலை கிடையாது, ஆனா ரெண்டு கோடு குறுக்கே வெட்டிப் போற இடம் இருக்கும். நிஜ இரட்டையில அங்கே நாலு மேட்டுக் கோடு பின்னிக்கிட்டு நிக்கணும். உங்க படத்துல அப்படி எதுவும் எனக்குத் தெரியலைங்க.

கடைசியா ஒரு கேள்வி. இதே அண்ணா காசு இன்னொண்ணு கல்லாவுல கிடைச்சா, அதே இடத்துல அதே இரட்டை இருக்குதா? ஒரு டையில ஆயிரக்கணக்குல அடிக்கிறாங்க. டையில இருக்கிற தப்பு தனியா ஒரு காசுல மட்டும் வராது. ஆட்டம் அடிக்கு அடி மாறும்.

தேய்ஞ்ச டையாலயும் ஒரு இரட்டை வரும், அதையும் சொல்லிடறேன். டை உழைச்சு உழைச்சு எழுத்தோட ஓரம் கரைஞ்சு போயிருக்கும். காசுல எழுத்து வீங்கி, சுத்தி ஒரு நிழல் மாதிரி தெரியும், தரையில மையத்துல இருந்து ஓரத்துக்கு மெல்லிசா வரி வரியா ஓடும். ஸ்டீல் காசுல இது நிறைய, ஸ்டீல் டையைச் சீக்கிரம் தின்னுடும். அமெரிக்கக்காரங்க அதே 1955 சென்ட்லயே கடைசி 5 மட்டும் இப்படி வீங்கினதை "ஏழையின் இரட்டை டை"ன்னு பேர் வச்சு வித்தாங்க. வாங்கினவங்களும் இருந்தாங்க.

இப்போ உங்க அப்பா தூக்கிப் போடச் சொன்ன அம்பது பைசா. அம்மிணி, அதைத் தயவுசெஞ்சு போட்டுடாதீங்க. படத்துல அந்தப் பிறை உள்பக்கமா வளைஞ்சிருக்குது. கத்தரியோ அரமோ வச்சு வெட்டறவங்களுக்கு நேர்க்கோடு வரும், உள்வளைவு அவ்வளவு சுத்தமா வராது. நான் கேக்கறதைப் பார்த்துச் சொல்லுங்க.

நல்ல 50 பைசா ஒண்ணை எடுத்து அந்தப் பிறைக்குள்ள வச்சுப் பாருங்க, கிட்டத்தட்ட ஒட்டி உட்காருதா? பிறைக்கு நேர் எதிரே, மறுகோடியில, விளிம்பு எப்படி இருக்குது? பிறையை ஒட்டின எழுத்து சட்டுன்னு வெட்டுப்பட்டு நிக்குதா, இல்லை அந்தப் பக்கமா இழுத்துக்கிட்டுப் போயிருக்குதா? அப்புறம் எடை. முழுசா 3.79 கிராம், 22 மி.மீ. பக்கத்துல தெரிஞ்ச நகைக்கடை இருந்தா ஒரு நிமிஷம் தராசுல வச்சுக் கொடுப்பாங்க.

மதுரை_அணா

கணபதி ஐயா சொல்லிவிட்டார், நான் வாங்கி விற்கிறவன் என்ற முறையில் கொஞ்சம் சேர்க்கிறேன்.

வடநாட்டு ஏலக்காரர்கள் "லாக்கி" (லட்சத்தில் ஒன்று) என்று விற்கிற நிஜ பிராக்கேஜ் பிரிட்டிஷ் காலக் கால் அணாவில் அவ்வப்போது கண்ணில் படும். அதைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்கு வைஸ் காசு தூரத்திலேயே தெரிந்துவிடும். ஒரு பக்கம் ராஜா தலை மேடாக, மறுபக்கம் அதே தலை பள்ளமாக, வேறெதுவும் இல்லாமல் இருக்கும்.

விலையைப் பற்றி. வீடியோவில் வரும் லட்சங்களை மறந்துவிடுங்கள். வைஷ்ணவி தேவி படம் போட்ட 2012ஆம் ஆண்டு 5 ரூபாய்க்கே பத்து லட்சம் என்று ஒரு காலத்தில் போன் போட்டுக் கேட்டார்கள். "உங்கள் காசை வாங்கிக்கொள்கிறோம், முதலில் பதிவுக் கட்டணம் கட்டுங்கள்" என்று யாராவது கேட்டால் அங்கேயே போனை வைத்துவிடுங்கள். ரிசர்வ் வங்கியின் பெயரையும் முத்திரையையும் வைத்துக்கொண்டு இப்படிக் கமிஷனும் வரியும் கேட்கிறார்கள் என்று அந்த வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரிக்கை வெளியிட்டது.

காசைத் தட்டிப் பார்க்கிறேன், வைஸில் வைத்துப் பார்க்கிறேன் என்று யாரும் இறங்க வேண்டாம். நாணயச் சட்டம், 2011 காசை அழிப்பதையும் உருக்குவதையும் தடை செய்கிறது.

ஓசூர்_மஞ்சள்

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும் ஐயா. என்னிடம் சின்ன 1 ரூபாய் ஒன்று பித்தளை நிறத்தில் இருக்கிறது. 5 ரூபாய்த் தகட்டில் தவறி அடித்துவிட்டார்கள் என்று விற்றவர் சொன்னார். எப்படிப் பார்ப்பது?

கணபதி_டைஷாப் (கோவை)

காந்தம் இருக்குதுங்களா? அந்த ரூபாய் ஸ்டீல், காந்தத்துல ஒட்டும். 5 ரூபாயோட நிக்கல் பித்தளை ஒட்டாது. எடையும் போடுங்க. ஸ்டீல் ரூபாய் 3.79 கிராம், பித்தளை 5 ரூபாய் 6 கிராம். 5 ரூபாய் பிளாங்க் 1 ரூபாய் டைக்குப் போயிருந்தா எடை அந்த 6 கிட்டத்தான் நிக்கணும், உலோகம் எங்கேயும் ஓடிப்போகாது.

காந்தத்துல ஒட்டி 3.79 வந்தா ஒண்ணு ஸ்டீல் மேல முலாம், இல்லைன்னா அதே ஸ்டீலை அடுப்புல போட்டது. ஸ்டீலைச் சூடு பண்ணினா முதல்ல வைக்கோல் நிறம், அப்புறம் பழுப்பு, ஊதா, நீலம்னு போகும். பட்டறையில வெல்டிங் பக்கத்துல தினமும் பார்த்த நிறம் அது. ஓரத்துல எங்கேயாவது நீலம் தெரியுதான்னு பாருங்க.

ஓசூர்_மஞ்சள்

ஒட்டுகிறது ஐயா. எடை 3.8. ஓரத்தில் நீலமும் இருக்கிறது. நன்றி.

கல்லாப்பெட்டி (திண்டுக்கல்)

ஐயா, எல்லாம் பார்த்துவிட்டேன். லூப் வாங்கவில்லை, பக்கத்து வாட்ச் ரிப்பேர் கடைக்காரரிடம் கண்ணில் மாட்டும் கண்ணாடியை இரவல் வாங்கினேன்.

அண்ணா கையெழுத்தில் நீங்கள் சொன்ன படிக்கட்டு அப்படியே இருக்கிறது. தட்டையாக, பளபளவென்று, எல்லாக் கோட்டுக்கும் வலப்பக்கம் மட்டும். அசல் கோடு ஒல்லியாகத்தான் இருக்கிறது. கல்லாவில் இன்னும் இரண்டு அண்ணா கிடைத்தது, இரண்டிலும் இரட்டை இல்லை.

ரூபாயின் சிங்கப் பக்கம் நசுங்கியிருக்கிறது. பல் வரி தெரியவில்லை, ஆனால் நடுச்சிங்கத்தின் முகம் வழவழவென்று இருக்கிறது. வளையம் 4.4 கிராம்.

50 பைசா 3.55 கிராம். பிறை அதிக ஆழமான இடத்தில் 3 மி.மீ. வருகிறது. நல்ல 50 பைசாவை உள்ளே வைத்தேன், ஒரு நூல் கூட இடைவெளி தெரியாமல் உட்கார்ந்துவிட்டது. எதிர்ப்பக்கம் பார்த்ததும்தான் ஆச்சரியம். விளிம்பு மேடு மற்ற இடமெல்லாம் நன்றாக இருக்கிறது, நேர் எதிரே கொஞ்ச தூரத்துக்கு மட்டும் மேடே இல்லாமல் சரிந்து போயிருக்கிறது. தேய்ந்ததா என்று பார்த்தேன், இரண்டு பக்கமும் ஒரே இடத்தில்தான் அப்படி இருக்கிறது. பிறைக்குப் பக்கத்தில் இருக்கும் எழுத்தின் கால் பிறையை நோக்கி நீண்டு மங்கி முடிகிறது, வெட்டுப்பட்ட மாதிரி இல்லை.

எதிர்ப்பக்கத்து விளிம்புக்கும் இந்தப் பிறைக்கும் என்ன சம்பந்தம்?

கணபதி_டைஷாப் (கோவை)

அம்மிணி, அதுதான் விஷயமே. நிஜங்க அது. சந்தேகமே வேண்டாம்.

சம்பந்தம் சொல்றேன். தகடு பிரஸ்ஸுக்குள்ள அடிக்கு அடி ஒரு அளவு முன்னால நகரணும். ஒரு தடவை சரியா நகராம நின்னுட்டா, ஏற்கெனவே பிளாங்க் வெட்டின ஓட்டையோட ஓரத்துல பஞ்ச், அதாவது தட்டை வெட்டற கருவி, திரும்பவும் இறங்கும். அந்த ஓட்டை இருந்த இடத்துல உலோகம் இல்லை, அதனால பிளாங்க் ஒரு பிறை குறைஞ்சே பிறக்கும். அந்த ஓட்டையும் இன்னொரு அம்பது பைசா பிளாங்க் வெட்டினதுதான், அதனாலதான் நீங்க வச்ச நல்ல காசு பிறைக்குள்ள ஒட்டி உட்கார்ந்துச்சு. எங்க பட்டறையில வாஷர் அடிக்கும்போது தகட்டைத் தள்ளற ஃபீடர் வழுக்கினா இதே மாதிரி பிறை வாஷர் டப்பா நிறைய விழும். சூப்பர்வைசர் கத்துவார், நாங்க ஸ்கிராப்புல கொட்டுவோம். மின்ட்டுலயும் பொறுக்கித் தள்ளுறாங்க, சிலது கண்ணுல படாமத் தப்பிச்சு மூட்டைக்குள்ள போயிடுது.

இப்போ எதிர்ப்பக்கம். ஓரம் தூக்கற வேலையில பிளாங்க் ரெண்டு பக்கமும் நெருக்கப்பட்டுக்கிட்டே உருளும். எதிரெதிரா அழுத்தம் விழுந்தாத்தான் ஓரம் மேலே எழும்பும். பிறை இருக்கிற இடம் ஒரு பக்கம் வரும்போது அங்கே தாங்கறதுக்கு உலோகம் இல்லை. அதனால எதிர்ப்பக்கத்து ஓரத்துக்கும் அழுத்தம் கிடைக்காம மேடு எழும்பறதில்லை. பிளேக்ஸ்லி விளைவுன்னு அதுக்குப் பேரு. வீட்டுல அரம் வச்சு அறுக்கறவன் அடிச்சு முடிஞ்ச காசை அறுக்கறான், அப்போ எதிர்ப்பக்கத்து விளிம்பு ஏற்கெனவே முழுசா எழும்பி நிக்கும். அவன் இந்தப் பக்கம் என்னதான் அழகா அறுத்தாலும் அந்தப் பக்கத்தை மறந்துடுவான். எல்லாப் பிறைக் காசுலயும் இது தெரியணும்னு கட்டாயம் இல்லை, ரொம்பச் சின்னப் பிறையில தெரியாமப் போகலாம். ஆனா தெரிஞ்சுட்டா அதுமேல பேச்சில்லை.

எழுத்து நீண்டு மங்கினதும் அதே கதைதான். டை அழுத்தும்போது உலோகம் காலி இடத்தைப் பார்த்து ஓடும். பிறை அங்கே முன்னாலயே இருந்தாத்தான் எழுத்து அந்தப் பக்கம் இழுபடும். அடிச்ச பிறகு அறுத்தா எழுத்து பாதியில துண்டாகி நிக்கும்.

நேரம் இருந்தா பிறையோட வெட்டுமுகத்தையும் அந்தக் கண்ணாடியில பாருங்க. அறுத்ததா இருந்தா ஒரே திசையில அர வரி ஓடும். பஞ்ச் வெட்டின முகத்துல கொஞ்சம் வழவழப்பா ஒரு பட்டையும் அதுக்கடியில சொரசொரன்னு கிழிஞ்ச பட்டையும் இருக்கும். எந்தப் பிரஸ் டூல்காரனும் இதை வச்சே டை கூர்மையா மழுங்கலான்னு சொல்லிடுவான். டை அடிக்கும்போது அந்த முகம் கொஞ்சம் அமுங்கிப் போயிருக்கும், இருந்தாலும் தடயம் கிடைக்கலாம்.

துடைக்காதீங்க, புளி போட்டுத் தேய்க்காதீங்க. மைலார்னு தெளிவான பிளாஸ்டிக் தாள்ல சன்னல் வச்ச அட்டை உறையா வாங்கிப் போட்டு, எடையையும் தேதியையும் மேல எழுதி வைங்க. பிவிசி ஆல்பம் வேண்டாம்.

மதுரை_அணா

சகோதரி, அந்த 50 பைசாவை விற்பதாக இருந்தால் சொல்லுங்கள். சில நூறு ரூபாய்க்கு மேல் என்னால் தர முடியாது, அதிலும் பிறையின் அளவைப் பார்த்துத்தான். பெரிய பிறை, இரண்டு பிறை, நடுவில் இருந்து விலகி அடித்தது என்றால் வேறு விலை. இதில் கோடீஸ்வரர் ஆனவர்கள் யாரையும் நான் பார்த்ததில்லை.

கல்லாப்பெட்டி (திண்டுக்கல்)

இப்போதைக்கு விற்கவில்லை அண்ணா. வெட்டுமுகத்தில் சொரசொரப்பான பட்டை தெரிகிறது ஐயா, வழவழப்பு அவ்வளவாகத் தெரியவில்லை. அண்ணா ஐந்து ரூபாயைத் தம்பி காலையில் பிஸ்கட் வாங்கக் கொடுத்துவிட்டான்.

சேலம்_சில்லறை

ஐயா, நான் முதலில் எழுதினதை விடுங்க. ஒரு டவுட். என்கிட்ட இருக்கிற 2 ரூபாயில வருஷத்துக்குக் கீழே எந்தக் குறியுமே இல்லை. மின்ட் மார்க் விடுபட்ட எரர்னு சொல்லி 800 ரூபாய்க்கு வாங்கினேன். இது டை அடைச்சுக்கிட்டதால வந்ததா, இல்லை குறி போட மறந்த டையா?

கணபதி_டைஷாப் (கோவை)

தம்பி, டைமண்ட் இருந்தா மும்பை, நட்சத்திரம் இருந்தா ஹைதராபாத், உருண்டைப் புள்ளி இருந்தா நொய்டா. கொல்கத்தா மின்ட் குறியே போடறதில்லை. உங்க காசு கொல்கத்தாவில நல்லபடியா அடிச்ச ரெண்டு ரூபாய். வித்தவர் நம்பர் இன்னும் இருக்குதுங்களா?